கிறீன் இல்லாத மானிப்பாய்

1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது சாமுவேல் பிஸ்க் கிறீனுக்கு வயது ஏறக்குறைய 25. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஊஸ்டர் என்ற ஊர்க்காரர். நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845இல் தேறியவர். அமெரிக்க இலங்கை மிஷன் அவரை வைத்தியராக அனுப்பியது. அந்த வேலைக்கு அவர் முதல் ஆள் அல்லர். பண்டத்தரிப்பில் ஜான் ஸ்கடர் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்துவிட்டு 1836இல் சென்னைக்கு மாறிப் போனார். நேதன் வார்ட் என்பவரும் 1833 முதல் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பியிருந்தார். மூவர் முன்னும் நின்ற கணக்கு ஒன்றுதான்: ஒரு குடாநாடு முழுவதற்கும் மேலைமுறை மருத்துவம் தெரிந்த ஒரே ஒருவர். அவர் எவ்வளவு ஓடியாடி உழைத்தாலும் அம்மையோ வாந்திபேதியோ பரவும் ஆண்டில் அந்த உழைப்பு எந்த மூலைக்கும் போதாது. அவர் நோய்ப்பட்டு ஊர் திரும்பினால், அடுத்த கப்பலில் இன்னொருவர் வரும்வரை அதுவும் இல்லை. முன்னவர்களும் உதவிக்குச் சில இளைஞரைப் பழக்கிக்கொண்டார்கள். ஆனால் பழக்குவதையே முதல் வேலையாகவும் நோய் பார்ப்பதை அதற்கான களமாகவும் வைத்துக்கொண்டவர் கிறீன். தமிழில் மேலை மருத்துவம் தந்த முன்னோடி என்றே அவரை நாம் நினைவுகூர்கிறோம். கவிஞர் அம்பி 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு' எழுதிய நாள் முதல் அந்தப் புகழ் நிலைத்துவிட்டது. அது நியாயமான புகழ்தான். இருந்தாலும் மொழியை அவர் ஒரு கருவியாகவே கையில் எடுத்தார் என்றும், அவருடைய உண்மையான சோதனை வேறொன்று என்றும் எனக்குத் தோன்றுகிறது. தான் இல்லாமல் நடக்கக்கூடிய ஒரு மருத்துவத்தைத் தன் கையால் உண்டாக்க முடியுமா என்பதே அந்தச் சோதனை. அது எங்கே பலித்தது, எங்கே முறிந்தது என்று பார்ப்பது, இன்று எந்தத் தொழிலிலும் புதியவரைப் பழக்குவோருக்குப் பயன்படும்.

முதலில் வட்டுக்கோட்டையில் இருந்த கிறீன், 1848இல் மானிப்பாய்க்கு வந்து மருந்தகத்தையும் வகுப்பையும் ஒன்றாகவே தொடங்கினார். மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. 1823 முதல் வட்டுக்கோட்டை செமினரி ஆங்கிலத்தில் உயர்கல்வி தந்துகொண்டிருந்தது. கணிதமும் வானியலும் தத்துவமும் படித்த தமிழ் இளைஞர்கள் அங்கிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கில நூல்களைக் கொண்டே மருத்துவம் சொல்லித்தர முடிந்தது. வகுப்பும் மருந்தகமும் ஒரே வளவில் இருந்ததால், காலையில் படித்ததை மாலையில் புண் கட்டும்போது சரிபார்த்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட இடத்தில் பழக்குபவரை இழுக்கும் ஆசை எது என்பது வெளிப்படை. நோயாளி தேடி வருவது வெள்ளைக்கார வைத்தியரை. எதிரே நிற்கும் இளைஞன் பக்கத்து ஊர்க்காரன், அவன் தகப்பன் இன்னார் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் கையில் கத்தியைக் கொடுத்தால் கூட்டம் முணுமுணுக்கும். தானே செய்துவிட்டால் வேலை விரைவில் முடியும், நன்றாகவும் முடியும், பேரும் கிடைக்கும். திறமையுள்ள எந்த ஆசிரியரும் பழக்க வேண்டியவனுடைய வேலையைத் தானே செய்துவிட்டு அதையே பயிற்சி என்று நம்பிக்கொள்வது இந்த இடத்தில்தான். 1850இல் யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபர் டைக் முயற்சியில் பட்டணத்தில் நண்பர் உதவிச் சங்கத்தின் ஆஸ்பத்திரி எழுந்தபோது, அதில் வைத்தியம் பார்க்க கிறீனின் மாணவர்கள் போனார்கள். இன்றைய யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையின் தொடக்கம் அதுதான். தன் கண் எட்டாத இன்னொரு கட்டடத்தில் தன் மாணவன் தனியாக முடிவெடுக்க விட்டது, வகுப்பறையில் சொல்லும் எந்தப் பாராட்டைவிடவும் பெரிய அங்கீகாரம்.

ஆனால் அந்த ஆங்கில வகுப்பின் விளைவு கிறீனுக்குத் திருப்தி தரவில்லை. தேறியவர்களில் பலர் அரசாங்க உத்தியோகம் கிடைத்து வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். சம்பளம் நல்லது, மதிப்பும் உண்டு. போகாமல் இருப்பதற்குக் காரணம் என்ன? குடாநாட்டுக் கிராமங்களில் பழையபடியே ஒருவரும் இல்லை. பழக்கிய ஆள் போய்விட்டான் என்று பழக்கியவர் குறைபட்டுக்கொள்வது எல்லாத் தொழிலிலும் கேட்கும் குரல்தான். அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடே கேட்க வேண்டும். மாணவன் தன் காலில் நிற்க வேண்டும் என்று விரும்பினால், அந்தக் கால்கள் எந்தத் திசையில் நடக்கும் என்பதை ஆசிரியர் முடிவு செய்ய முடியாது. கொழும்பிலோ கண்டியிலோ வேலைக்குப் போன வைத்தியன் கிறீனைப் பொறுத்தவரை சுதந்திரமானவனே. ஆயினும் கிறீனின் குறையில் ஓர் உண்மையும் இருந்தது. அந்த மாணவர்கள் கற்றது ஆங்கில நூல்களிலிருந்து. அந்த அறிவைக் கேட்டு விலை கொடுக்கக்கூடிய ஒரே இடம் ஆங்கிலத்தில் நடக்கும் அரசாங்கம். கிறீனை விட்டு விலகியவர்கள் அடுத்த எசமானைத் தேடிப் போக வேண்டியிருந்தது. மானிப்பாயில் கற்றதை மானிப்பாயில் இன்னொருவனுக்குக் கற்றுக்கொடுக்க அவர்களுக்கு நூலும் இல்லை, சொல்லும் இல்லை. ஒரு தலைமுறை தேறியும் அடுத்த தலைமுறைக்கு மறுபடி ஒரு கிறீன் தேவைப்பட்டார் என்றால், பயிற்சி பாதியில் நிற்கிறது என்றே பொருள்.

இந்தச் சிந்தனை கிறீனுக்கு மட்டும் உரியதன்று. அவரை அனுப்பிய மிஷன் சங்கத்தின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன், உள்ளூர்ச் சபைகள் தம் செலவைத் தாமே ஏற்று, தம்மைத் தாமே ஆண்டு, தாமே பரவ வேண்டும், மிஷனரி அங்கே நிரந்தரமாக உட்காரக்கூடாது என்று கொள்கை வகுத்தவர். அதற்கு வழி தாய்மொழிக் கல்வி என்பது அவர் முடிவு. அவர் யாழ்ப்பாணம் வந்து பார்த்துச் சென்றதன் விளைவாக 1855இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. காகிதத்தில் அழகாக இருந்த கொள்கை, யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குப் பெரிய அடியாக விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அந்த செமினரியில் படித்தவர்கள். அப்படிப்பட்ட வாயிலை அடைத்துவிட்டு, உங்கள் நன்மைக்காகவே அடைத்தோம் என்று சொன்னால் யார் ஏற்பார்கள்? ஆங்கிலம் வேண்டும் என்றே பெற்றோர் கேட்டார்கள். 1872இல் ஆங்கிலக் கல்விக்கு யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. கற்பவன் தன் காலில் நிற்க வேண்டும் என்பது ஆசிரியரின் விருப்பமாக மட்டும் இருந்து, எதில், எவ்வளவு தூரம், எந்த மொழியில் என்பதையெல்லாம் ஆசிரியரே வரையறுத்தால், அது கட்டுப்பாட்டின் இன்னொரு பெயராகிவிடும். ஆண்டர்சன் அந்தக் குழியில் விழுந்தார். கிறீனும் அதன் விளிம்பிலேயே நின்றார்.

உடல்நலம் தேற அமெரிக்கா போயிருந்த கிறீன், 1862இல் மனைவியோடு திரும்பி வந்தார். அந்த இடைவெளியில் மானிப்பாய் மருந்தகத்தின் சுமையில் பெரும்பகுதி அவர் பழக்கியவர்கள் தோளில் இருந்தது. அது மூடிக் கிடக்கவில்லை. 1864 முதல் வகுப்பு முழுவதையும் தமிழுக்கு மாற்றினார். காலத்தை நினைத்துப் பார்த்தால் இது எதிர்நீச்சல். கல்கத்தாவில் 1822இல் தொடங்கிய இந்துஸ்தானி வழி மருத்துவப் பள்ளியை மூடிவிட்டு 1835இல் ஆங்கில வழிக் கல்லூரியைத் திறந்தார்கள். அதே ஆண்டில் சென்னையிலும் மருத்துவப் பள்ளி வந்தது. பின்னர் கல்கத்தாவில் தாய்மொழி வகுப்புகள் மீண்டும் நடந்தன என்றாலும், அவை கீழ்நிலை உதவியாளரை உருவாக்கவே பயன்பட்டன. கிறீன் தமிழில் உருவாக்க விரும்பியது உதவியாளரை அன்று. கிராமத்தில் தனியே குடியிருந்து, நோயைத் தானே கணித்து, கத்தி எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்து, கட்டணம் வாங்கிப் பிழைக்கும் வைத்தியரை. அரசாங்கச் சம்பளத்தை எதிர்பார்க்காத, மிஷன் உதவியும் வேண்டாத ஆட்கள்.

இதற்கு நூல்கள் வேண்டும். இந்தப் பகுதியில்தான் கிறீனின் பழக்கும் முறை தெளிவாகத் தெரிகிறது. அவர் பெயரோடு சேர்ந்து வந்த தமிழ் மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களைத் தாண்டும். கட்டரின் உடற்கூற்று நூலில் தொடங்கி, மோன்செலின் 'பிரசவ வைத்தியம்' 1857இல், துரூயிட்டின் 'இரண வைத்தியம்' 1867இல், கிறேயின் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல், 'கெமிஸ்தம்' 1875இல் என்று வரிசை நீள்கிறது. ஓர் அமெரிக்கர் தனியே உட்கார்ந்து இவ்வளவையும் எழுதினார் என்று நினைத்தால் தவறு. சப்மன், டன்வதர், பால், சுவாமிநாதன் முதலிய மாணவர்களே பல பகுதிகளை மொழிபெயர்த்தார்கள். கிறீன் ஒப்புநோக்கினார், திருத்தினார், சொற்களை ஒழுங்குபடுத்தினார். சொல்லாக்கத்துக்கு ஒரு வரிசை முறையும் இருந்தது: ஏற்கெனவே தமிழில் வழங்கும் சொல் இருக்கிறதா என்று தேடு, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் பார், அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. பரராசசேகரம் போன்ற வைத்திய நூல்கள் வழங்கிய மண்ணில், முதற்படியில் தேடுவதற்கு நிறையவே இருந்தது. அந்தத் தேடலில் மாணவனுக்குத்தான் ஆசிரியரைவிடக் கை நீளம். நரம்புக்கும் நாளத்துக்கும் ஊர் வைத்தியர் என்ன சொல்வார், மருத்துவிச்சி எதை எப்படி அழைப்பாள் என்பதை ஊஸ்டர்க்காரருக்கு அவன்தான் சொல்லித்தர வேண்டும். ஒரு வேலையில் மாணவன் ஆசிரியரைவிட அதிகம் தெரிந்தவனாக நிற்கும்படி அந்த வேலையை அமைத்துக்கொண்டதே கிறீனின் சாமர்த்தியம் என்பேன். மேற்பார்வை இருந்தது, ஆனால் மேற்பார்வை செய்பவர் பாதி விடயத்துக்கு மாணவனை நம்பியிருந்தார். கிறேயின் உடற்கூற்று நூலைத் தமிழில் எழுதி முடித்தவன் அதைப் படித்து ஒப்பித்தவனாக இருக்க முடியாது; ஒவ்வோர் எலும்பின் ஒவ்வொரு மேட்டையும் புரிந்துகொள்ளாமல் ஒரு பக்கம்கூட நகர்ந்திருக்காது. மாணவன் ஆசிரியனாகும் இடமும் இதுவே. பழைய மாணவர்கள் புதிய வகுப்புகளுக்குப் பாடம் சொன்னார்கள். அவர்கள் கையில் இருந்த நூல் அவர்களே எழுதியது.

இங்கே இரண்டு எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதலாவது, கற்றுக்கொள்பவனை விட்டுச் செய்யச் சொல்லும்போது அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பது. கணக்குப் பழகுபவன் தவறினால் மறுபடி கூட்டிக்கொள்ளலாம்; வைத்தியம் பழகுபவன் தவறினால் ஓர் ஏழை நோயாளி படுக்கையில் கிடப்பார். இந்த வாதத்தை ஒதுக்க முடியாது. கிறீனுக்குக் கால் நூற்றாண்டு பின்னால், 1889இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டட் அறுவை மருத்துவப் பயிற்சியை ஆண்டுக்கணக்கில் படிப்படியாகப் பொறுப்பு ஏறும் ஒழுங்காக அமைத்ததும், அதை 1904இல் விரிவுரையாக விளக்கியதும் இந்தச் சிக்கலுக்கு விடை தேடித்தான். முதலில் பார்ப்பது, பிறகு கூட நின்று செய்வது, பிறகு மூத்தவர் கூட நிற்கச் செய்வது, கடைசியில் மூத்தவர் பக்கத்து அறையில் இருக்கத் தனியே செய்வது. மானிப்பாயில் இவ்வளவு வகுத்த படிகள் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியும் மருந்தகமும் வகுப்பும் அருகருகே இருந்ததுதான் காப்பு. ஆனால் எதிர்வாதம் சொல்லாமல் விடும் பாதியையும் பார்க்க வேண்டும். கிறீன் மட்டுமே கத்தி பிடிக்கும் ஊரில், அவர் வாசலுக்கு வந்துசேர முடியாத நோயாளிக்கு நேரும் தீங்கு எந்த ஏட்டிலும் பதிவாகாது. அனுபவமற்ற கையால் வரும் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. கையே இல்லாததால் வரும் ஆபத்து தெரிவதில்லை. இரண்டையும் தராசில் வைத்தால் கிறீன் எடுத்த முடிவைக் குறைசொல்வது கடினம்.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. கிறீன் சுவிசேஷப் பணியாளர். மருத்துவம் அவருக்கு மதத்துக்கு வாசல். தமிழ் வகுப்பு மாணவர்கள் வேட்டியை விட்டுக் காற்சட்டை போடக்கூடாது, வீட்டுச் சாப்பாட்டையும் பழக்கங்களையும் மாற்றக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஐரோப்பியராக மாற முயலும் தமிழரை அவருக்குப் பிடிக்காது. நமக்கு இது உவப்பாகப் படலாம். ஆனால் அந்த மாணவன் இடத்தில் நின்று பார்த்தால், என்ன உடுப்பது என்றுகூடத் தானே முடிவுசெய்ய விடாத ஆசிரியர் எப்படிப்பட்ட சுதந்திரத்தைத் தருகிறார் என்ற கேள்வி எழும். கிராமத்தில் தங்கு, தமிழனாகவே இரு, கிறிஸ்தவனாக இரு என்ற மூன்றும் ஆசிரியரின் திட்டம். மாணவனுக்கு ஆங்கிலமும் உத்தியோகமும் வேண்டும் என்றிருந்தால் அதற்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. இந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கப் போவதில்லை. தொழிலுக்குள் கிறீன் தந்த சுதந்திரம் முழுமையானது, வாழ்க்கைக்குள் தந்தது குறைவானது. இரண்டையும் கலந்து அவரைத் துறவியாக்குவதும் தவறு, தந்திரக்காரராக்குவதும் தவறு. ஒன்றை மட்டும் அவருக்குச் சாதகமாகச் சொல்லலாம்: ஒருவர் கைக்கு ஒரு திறமை உண்மையாகவே வந்துசேர்ந்துவிட்டால், அதைக் கொடுத்தவரின் நோக்கத்துக்கு அது கட்டுப்பட்டு நிற்பதில்லை. தமிழில் எழுதப்பட்ட பிரசவ வைத்திய நூலைப் படிப்பவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் குழந்தை பிறக்கும் முறை ஒன்றுதான்.

1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார்; பிறகு திரும்பவில்லை. அவரிடம் பயின்று தேறியவர்கள் அப்போது அறுபதுக்கும் மேல். ஊஸ்டரில் இருந்தபடியே நூல் வேலையைத் தொடர்ந்தார். 'கெமிஸ்தம்' வந்தது 1875இல், 'மனுஷ சுகரணம்' 1883இல். 1884இல் அவர் இறந்தார். கடல் கடந்தும் திருத்திக்கொண்டே இருந்தவர் எப்படி விட்டுக்கொடுத்தவர் ஆவார் என்று கேட்கலாம். அச்சுக்குப் போகும் நூலைச் சரிபார்ப்பதும் நோயாளியின் படுக்கையருகில் நின்று மாணவன் கையைத் தட்டிவிடுவதும் ஒன்றல்ல என்பதே என் பதில். ஒரு கடிதம் போய்வர மாதங்கள் ஆகும் காலத்தில், மானிப்பாயில் ஒரு காலை வெட்டுவதா காப்பதா என்று ஊஸ்டரைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மருத்துவத் தம்பதியரான ஸ்கொட் இணையர் 1893இல் மானிப்பாய் வரும்வரை இருபது ஆண்டுகள் அங்கே வைத்தியத்தின் சுமையைச் சுமந்தவர்கள் தமிழ் வைத்தியர்கள். கிறீனின் சோதனைக்கு அந்த இருபது ஆண்டுகளே மதிப்பெண்.

ஆனால் வகுப்பு நிலைக்கவில்லை. வைத்தியர்கள் இருந்தார்கள், நூல்கள் இருந்தன, பாடம் சொல்லத் தெரிந்த பழைய மாணவர்கள் இருந்தார்கள். தமிழ் வழி மருத்துவக் கல்வி மட்டும் கிறீனுக்குப் பின் நெடுநாள் நடக்கவில்லை. காரணம் மாணவர்களின் திறமைக் குறைவு என்று சொல்ல ஆதாரம் இல்லை. 1870இல் கொழும்பில் அரசாங்கம் ஆங்கில வழி மருத்துவப் பள்ளியைத் திறந்துவிட்டது. இனி இலங்கையில் வைத்தியர் யார் என்று சொல்லும் அதிகாரம் அங்கே இருந்தது. மானிப்பாயில் தேறியவனுக்குக் கிறீனின் கையெழுத்துதான் சான்று. கிறீன் போனதும் அந்தக் கையெழுத்தின் மதிப்பும் கப்பலேறியது. திறமையைக் கைமாற்றினார், நூலைக் கைமாற்றினார், கற்பிக்கும் உரிமையைக்கூடக் கைமாற்றினார். இவன் வைத்தியன் என்று பிறர் ஏற்கும்படி சொல்லும் உரிமையைக் கைமாற்ற அவரால் முடியவில்லை. அது அவரிடம் இருந்தது அவர் அமெரிக்கர் என்பதாலும், மிஷன் பின்னால் நின்றதாலும். அதை மாணவர்களின் சங்கமாகவோ தமிழர் நடத்தும் பள்ளியாகவோ மாற்றுவதற்கு அவர் வழி தேடியதாகத் தெரியவில்லை. பழக்குவோர் பலர் தவறும் இடம் இதுவே. புதியவர் வேலையை முழுதாகச் செய்கிறார், ஆனால் அவர் செய்தது சரி என்று சொல்ல இன்னும் மூத்தவர் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. அப்படி இருக்கும்வரை மூத்தவர் போன மறுநாள் புதியவரின் சொல் சபையில் ஏறாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது. அங்கே பாடம் ஆங்கிலத்தில்தான். அதைக் கிறீனின் தோல்வியாகக் காட்டுவது எளிது, நான் அப்படிக் காட்ட மாட்டேன். அவர் பெயரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அவரைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. ஆனால் அவர் பயிற்றிய அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. தான் தேவைப்படாத நாளுக்காகவே உழைத்த ஒருவரின் வரலாற்றை, அவர் ஒருவரையே நடுவில் வைத்து எழுதி வந்திருக்கிறோம். சப்மனும் டன்வதரும் எந்த ஊரில் இருந்தார்கள், என்ன எழுதினார்கள், யாருக்குக் கற்பித்தார்கள், கிராமங்களில் குடியேறிய தமிழ் வகுப்பு வைத்தியர்களிடம் யார் யார் போனார்கள் என்பதை மிஷன் அறிக்கைகளிலும் பழைய குடும்ப ஏடுகளிலும் தேடித் தொகுக்க யாழ்ப்பாணத்து ஆய்வாளர்கள் முன்வர வேண்டும்.